இரண்டு இறகுகள்

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி, நான் காலையில் டீ குடிக்கும் கடையில் ஒரு முருகன் படம் இருக்கிறது. படத்தடியில் பித்தளைச் சொம்பு. அதில் ஆவணி மாதம் மயில்கள் உதிர்த்த தோகைகளைக் கடைக்கார அம்மா பொறுக்கிச் செருகி வைத்திருப்பார். இந்தப் பக்கத்தில் மயிலுக்குக் குறைவே கிடையாது. 1947-ல் பரோடா மகாராணி ஆசிரமத்துக்கு ஒரு வெள்ளை மயிலை அனுப்பிவைத்ததும், பகவான் ரமணர் அதைப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்டதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

கார்த்திகை தீபம் முடிந்து வெளிநாட்டுக்காரர்கள் வந்து நிறையும் டிசம்பரில், எழுபது வயதிருக்கும் ஒரு அமெரிக்கர் அந்தச் சொம்பிலிருந்து ஒரு தோகையை எடுத்தார். கண்ணை விட்டுவிட்டு, தண்டின் ஓரத்திலிருந்து ஒற்றை இழையை உருவினார். விரல்களுக்கிடையில் வைத்து வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சையும் செம்பும் மாறி மாறி மின்னின. "எங்கள் ஊரில் இதைக் கொண்டுதான் மீன் பிடிப்போம்" என்றார்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மீன்துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்தவன் நான். அதில் நான்கு பனிக்காலங்கள் நீலகிரியில், அவலாஞ்சி டிரவுட் பண்ணையில் கழிந்தன. அவர் எந்த மீனைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அவர் ஒரிகன் மாநிலத்துக்காரர். அவர்கள் ஊர் ஆறுகள் பசிபிக் கடலில் விழுகின்றன. அங்கே ஸ்டீல்ஹெட் என்று ஒரு மீன். ஆற்றில் பிறந்து, ஓரிரு வருஷம் வளர்ந்து, கடலுக்குப் போய்ப் பெருத்து, சினை பிடித்ததும் பிறந்த ஆற்றுக்கே திரும்பி ஏறும். பசிபிக் சால்மன் போல ஒருமுறை முட்டையிட்டதும் செத்துப் போவதில்லை. பிழைத்தால் மறுபடியும் கடலுக்குப் போய் வரும். பனிக்கால ஸ்டீல்ஹெட் என்று ஒரு கூட்டம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஆறேறுகிறது. இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் பிடிக்கிற நீளமான கோலை வீசி, இறகும் மயிரும் நூலும் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சியை ஆற்றின் குறுக்கே நீந்தவிட வேண்டும். கோலின் வளையங்களில் நீர் உறைந்து நூல் ஓடாமல் நின்றுவிடும்; வாயில் வைத்து ஊதிக் கரைத்துவிட்டு மறுபடி வீச வேண்டும். ஆயிரம் முறை வீசினால் ஒரு மீன் என்று அவர்கள் ஊரில் ஒரு கணக்குச் சொல்வார்களாம். பிடித்த காட்டு மீனைத் தண்ணீரை விட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றி விட்டுவிடுகிறார்கள். அணைகள் மறித்ததில் மீன் அருகிப்போய், 1997 முதல் பல ஆறுகளின் ஸ்டீல்ஹெட் அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் பட்டியலில் ஏறிவிட்டது.

"உங்கள் மீனின் சொந்தக்காரன் எங்கள் மலையில் இருக்கிறான், சாமி" என்றேன். இந்தப் பக்கத்தில் வெள்ளைக்காரர் ஆனாலும் வேட்டி கட்டியவர் சாமிதான்.

அவர் நம்பவில்லை. அன்று தொடங்கிய பேச்சு தை முடியும்வரை நடந்தது. அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

ஸ்டீல்ஹெட்டும் ரெயின்போ டிரவுட்டும் ஒரே இனம். கடலுக்குப் போவது ஸ்டீல்ஹெட், ஆற்றிலேயே தங்கிவிடுவது ரெயின்போ. 1989-ல் அறிவியல் பெயரை மாற்றி, பசிபிக் சால்மன்களோடு ஒரே பேரினத்தில் சேர்த்தார்கள்: ஆன்கோரிங்கஸ் மைகிஸ். மைகிஸ் என்பது ரஷ்யாவின் கம்சட்காவில் அந்த மீனுக்கு மக்கள் வைத்த பெயரிலிருந்து வந்தது. அந்த மீன் நீலகிரிக்கு எப்படி வந்தது என்பது பெரிய கதை.

உதகையில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்கு அந்த மலை ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்தது. குளிர் இருந்தது, புல்வெளி இருந்தது, பளிங்குபோல ஓடைகளும் இருந்தன. ஓடையில் தூண்டில் போட மீன் இல்லை. மேட்டுநிலத்து நீரோடைகள் பெரிய அருவிகளாய்க் கீழே விழுகின்றன. சமவெளி மீன் அவற்றைத் தாண்டி ஏறாது. மேலே கிடந்தவை விரல் நீளச் சிறு மீன்கள். அங்கே காலங்காலமாக எருமை மேய்த்த தோடர்கள் மீன் தின்பவர்கள் இல்லை என்பதால் அவர்களுக்கு அது குறையாகத் தெரிந்திருக்காது. வந்தவர்களுக்கு அது பெரிய ஏக்கம்.

சென்னைப் படையில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே 1863-ல் முதல் முயற்சி செய்தார். இந்திய மீன்களைப் பற்றி இன்றைக்கும் நாங்கள் புரட்டுகிற பெரிய நூலை 1875 முதல் 1878 வரை எழுதி வெளியிட்டவர் அவர்தான். டிரவுட்டில் அவர் தோற்றார். தோற்காமல் எப்படி? டிரவுட் முட்டை குளிர்ந்த, ஓடுகிற நீரில்தான் உயிரோடிருக்கும் என்று அப்போது நினைத்தார்கள். இங்கிலாந்திலிருந்து வருகிற கப்பல் வெப்பமண்டலக் கடலைக் கடந்தாக வேண்டும். சூயஸ் கால்வாய் திறந்ததே 1869-ல்தான்.

அந்த முட்டுக்கட்டையை உடைத்தது ஆஸ்திரேலியாவுக்குப் போன ஒரு கப்பல். 1864-ல் ஜேம்ஸ் யூல் என்பவர் முட்டைகளை ஈரப் பாசியில் பொதிந்து, பெட்டிகளில் அடுக்கி, நார்ஃபோக் என்ற கப்பலின் பனிக்கட்டி அறையில் வைத்து அனுப்பினார். மூன்று மாதப் பயணத்துக்குப் பிறகும் முட்டைகளில் ஒரு பங்கு உயிரோடிருந்தது. டாஸ்மேனியாவில் குஞ்சு பொரித்தது. முட்டைக்கு ஓடும் நீர்கூட வேண்டியதில்லை, ஈரமும் குளிரும் போதும் என்று அப்போதுதான் உறுதிப்பட்டது. குளிரில் முட்டைக்குள் வளர்ச்சி மெதுவாகும். காலத்தையே நிறுத்திவைத்த மாதிரி. காஷ்மீருக்கும் இப்படித்தான் போனது. ஸ்ரீநகரில் கம்பளத் தொழிற்சாலை நடத்திய மிட்செல் என்பவருக்கு 1899-ல் வந்த முதல் தொகுதி வழியிலேயே செத்தது. 1900 டிசம்பரில் வந்தது பிழைத்தது.

நம் பக்கத்தில் சர் ஃபிரடெரிக் நிக்கல்சன் இருந்தார். கூட்டுறவுச் சங்கங்களுக்கு வித்திட்டவர் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் வருகிற அதே நிக்கல்சன். சென்னை மாகாணத்தில் மீன்துறையை உருவாக்கியவரும் அவரே. அந்தக் காலத்தில் மீன் வளர்ப்பு நிபுணராக வந்த ஹெச்.சி. வில்சன், 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் கட்டினார். அடுத்தடுத்த ஆண்டுகளில் இலங்கையிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் முட்டைகள் வந்தன. உதகைக்கு ரயில் வந்தது 1908-ல். அதற்கு மேல் அவலாஞ்சிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாத மலைப்பாதை. பிரவுன் டிரவுட் நிலைக்கவில்லை. ரெயின்போ நிலைத்தது.

நியூசிலாந்து என்று சொன்னதும் ஒரிகன்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். காரணம் உண்டு. 1883-ல் கலிபோர்னியாவிலிருந்து ஆக்லாந்துக்குப் போன முட்டைகளிலிருந்துதான் நியூசிலாந்தின் ரெயின்போக்கள் பெருகின. அவை சொனோமா ஓடையின் ஸ்டீல்ஹெட் முட்டைகள் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். இன்றும் அங்கே டாவ்போ ஏரியில் பெருக்கிற ரெயின்போக்கள் ஏரியையே கடலாக நினைத்துக்கொண்டு, குளிர்காலத்தில் டோங்காரிரோ ஆற்றில் ஏறுகின்றன, கரையெங்கும் தூண்டில்காரர்கள். ஆக, அவலாஞ்சிக்கு வந்த முட்டைகளில் ஒரு பங்கு பசிபிக் கடலோடிகளின் வம்சம்.

அதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்திருந்தேன். 1956-ல் கனடாவின் உதவியோடு தொடங்கிய குந்தா மின்திட்டத்தில் அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று வரிசையாக அணைகள் எழுந்தன. ஓடைகள் ஏரிகளாயின. ஐப்பசி மழை ஓய்ந்து, நீர் தெளிந்து, புல்வெளியில் உறைபனி விழத் தொடங்கும்போது ஏரி மீன்கள் ஓடைக்குள் ஏறும். முழங்கால் ஆழமில்லாத நீரில், முதுகு வெளியே தெரிய, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் உந்தி உந்திப் போகும். கடலையே பார்க்காத மீன்; எந்த உப்புநீரிலிருந்தும் திரும்பவில்லை. ஆனாலும் பனி விழுந்ததும் மேலே போக வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

நான் அவலாஞ்சிக்குப் போனது 1984 டிசம்பரில். அதற்கு முன் சாத்தனூர். பிறந்தது சமுத்திரம் ஏரிக்கரையில். விராலும் கெளுத்தியும் ஜிலேபியும் பார்த்து வளர்ந்தவன். ஜிலேபிகூட வந்த மீன்தான், 1952-ல். ஆனால் அதற்கு நம் வெயில் சொந்த ஊர் மாதிரி. சாத்தனூரில் நாங்கள் கெண்டைக்கு ஊசி போட்டு முட்டையிட வைப்போம். 1957 ஜூலை 10-ஆம் தேதி ஹீராலால் சௌத்ரி ஒரிசாவில் செய்துகாட்டிய முறை அது. சாயங்காலம் ஊசி போட்டால் விடியலில் முட்டை, மறுநாள் பொழுது சாய்வதற்குள் குஞ்சு. அந்த அவசரத்துக்குப் பழகிய கை என்னுடையது.

அவலாஞ்சியில் அந்தக் கை உதவவில்லை. பத்து டிகிரி நீரில் டிரவுட் முட்டை பொரிக்க ஒரு மாதம். மாதம் முழுவதும் காவல்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து ஹட்டியைச் சேர்ந்த படுகர். அவர் வேலையில் சேர்ந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். விடியலில், மூச்சு புகையாய் வெளியே வரும் நேரத்தில், சினை மீனை ஈரத்துணியில் பிடித்து, கட்டைவிரலால் நெஞ்சிலிருந்து வால்பக்கமாக மெல்ல நீவுவார். ஆரஞ்சு நிறத்தில், பட்டாணியைவிடச் சிறியதாக, முட்டைகள் எனாமல் பேசினில் சரசரவென்று விழும். ஒரு கிலோ மீனுக்கு ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் முட்டை. பேசினில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. அதன்மேல் ஆண் மீனின் விந்தை நீவி விட வேண்டும். பிறகு ஒரு கோழி இறகை எடுத்து, பேசினின் ஓரத்திலிருந்து நடுவுக்கு, முட்டை புரள்வது தெரியாமல் கலக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தண்ணீர்.

"தண்ணி பட்டா அதுக்கு உயிரு அரை நிமிஷம்தான், தம்பி. நீ முன்னாடியே ஊத்தினா அது ஓடி முடிச்சிரும், முட்டைக்குப் போய்ச் சேராது."

அவர் சொன்னது துல்லியம். டிரவுட்டின் விந்தணு நீரில் பட்டதும் விழித்து நீந்தி, ஒரு நிமிஷத்துக்குள் ஓய்ந்துவிடும். இந்த வறண்ட முறையை 1850-களில் கண்டுபிடித்தவர் விராஸ்கி என்ற ரஷ்யர். ரஷ்யாவில் தொடங்கி, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவி, அவலாஞ்சிக்கு வந்து, புத்தகம் படிக்காத ஒருவரின் விரல்வழியாக என்னிடம் சேர்ந்தது.

பிறகு தட்டுகளில் பரப்பி, ஓடும் நீர்த்தொட்டியில் அடுக்கி, மூடிவிடுவோம்; வெளிச்சம் முட்டைக்கு ஆகாது. செத்த முட்டை சுண்ணாம்பு போல வெளுக்கும். அதை அன்றன்றைக்கே எடுக்காவிட்டால் பஞ்சுப் பூஞ்சை பிடித்து, பக்கத்து முட்டைகளையும் கட்டிப்போட்டுவிடும். லாந்தரைத் தணித்து வைத்துக்கொண்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவோம். நீரில் முக்கிய கை மணிக்கட்டுவரை மரத்துவிடும். ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் நான் ஒரு தட்டை இடித்துவிட்டேன். கண் தோன்றாத முட்டைக்கு அதிர்ச்சி கூடாது. மறுநாள் அந்தத் தட்டில் பாதி வெள்ளை. அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுக்கினார். அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

பதினாறு, பதினேழு நாளானதும் ஒரு காலை மூடியைத் திறந்தால் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கரும்புள்ளிகள். கண்கள். அதற்குப் பிறகு முட்டை கொஞ்சம் முரட்டுத்தனத்தைத் தாங்கும். கடல் கடந்து அனுப்பும் முட்டைகளை இந்தப் பருவத்தில்தான் பொதிவார்கள். தட்டு முழுவதும் ஆயிரக்கணக்கான கண்கள் நம்மைப் பார்ப்பதை நான் எப்படிச் சொல்வது?

நீலகிரி டிரவுட்டின் சரித்திரத்தை எழுதியவர்கள் எல்லாரும் தூண்டில் பிடித்தவர்கள். 1879-ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தையும், வேட்டைச் சங்கத்தையும், உரிமச் சீட்டையும், எந்த ஓடையில் எந்தத் துரை எத்தனை பவுண்டு பிடித்தார் என்பதையும் பற்றி எவ்வளவோ பக்கங்கள் உண்டு. 1907-லிருந்து ஒவ்வொரு பனிக்காலமும் இரவில் விழித்திருந்து வெளுத்த முட்டையைப் பொறுக்கியவர்களைப் பற்றி நான் ஒரு பக்கம்கூடப் பார்த்ததில்லை. ஓடையில் இயற்கையாகவும் பெருகியது உண்மைதான். ஆனால் வெள்ளம் வந்து ஓடையைத் துடைத்துவிட்டுப் போன வருஷங்களில் மறுபடி குஞ்சு விட்டது பொரிப்பகம். அந்த மீன் தட்டில் பிழைத்த மீன். அதனால்தான் வில்சனின் பெயருக்குப் பக்கத்தில் எனக்கு என் அண்ணனின் பெயரை எழுத ஆசை. அவர் குடும்பத்தாரைக் கேட்காமல் எழுத மனமில்லை.

இறகுக்கு வருகிறேன். ஒரிகன்காரர் தம் பெட்டியைத் திறந்து காட்டினார். இருபது பொய்ப்பூச்சிகள். மயில் இழையை உடம்பாகச் சுற்றியவை பாதி. நீரில் அந்த மினுமினுப்பு உயிருள்ள பூச்சியின் உடம்பு போலத் தெரியும் என்றார். ஒன்றின் இரு பக்கத்திலும் மஞ்சள் மெழுகுத் துளி போலப் பொட்டுப் பொட்டாக ஒரு சிறு இறகு. அதை அடையாளம் கண்டுகொண்டேன். நம் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. சவ்வாது மலையில் இன்றும் விடியலில் கூவுமே, அதே சாம்பல் நிறக் காட்டுக்கோழி. இங்கிலாந்தின் சால்மன் தூண்டில்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கழுத்தின்மேல் பித்தாக இருந்தார்கள். மூட்டை மூட்டையாகக் கப்பலேறியது. நம் காட்டுச் சேவல்கள் செத்தது யாரோ ஓர் ஆற்றில் ஒரு மீனை ஏமாற்றுவதற்காக. பின்னால் ஏற்றுமதிக்குத் தடை வந்தது, 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது. தம்முடையது பண்ணையில் வளர்த்த கோழியின் இறகு என்று அவர் அவசரமாகச் சொன்னார். நான் நம்பினேன்.

டிரவுட்டும் குற்றமற்ற விருந்தாளி என்று நான் சொல்ல மாட்டேன். அது ஊனுண்ணி. அந்த ஓடைகளில் நீர்ப்பூச்சியும் தலைப்பிரட்டையும் அது வருவதற்கு முன் எப்படி இருந்தன என்று கணக்கெடுத்தவர் இல்லை. அதே மேட்டுநிலத்து முக்குர்த்தி 1990-ல் தேசியப் பூங்கா ஆனது. பழைய ஓடைகள் பலவற்றில் இன்று தூண்டிலுக்கு இடமில்லை. அது சரிதான் என்றே நினைக்கிறேன். வரையாடும் சோலையும் அங்கே முதலில் வந்தவை. ஆனால் நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு மலையில் பிறந்து செத்த மீனை நேற்று வந்தது என்று தள்ளவும் எனக்கு வாய் வரவில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை கொட்டியது என்று செய்தியில் கேட்ட இரவு, திருவண்ணாமலையில் விசிறியடியில் படுத்துக்கொண்டு நான் நினைத்தது அந்தத் தொட்டிகளைத்தான்.

ஒரிகன்காரர் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கேட்டார், "அவலாஞ்சியில் நீங்கள் பிடித்த மிகப் பெரிய மீன் எவ்வளவு?"

"நான் அங்கே தூண்டில் போட்டதே இல்லை, சாமி."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அந்த இறகு வேலையைச் செய்து காட்ட முடியுமா என்றார். கடைக்கார அம்மா பாயசத்துக்கு ஜவ்வரிசி ஊறவைத்திருந்தார். ஊறிய ஜவ்வரிசி அளவில் கிட்டத்தட்ட டிரவுட் முட்டைதான். ஒரு கைப்பிடி வாங்கி, நீரை வடித்து, எவர்சில்வர் தட்டில் பரப்பினேன். பின்கட்டில் மேய்ந்த கோழி உதிர்த்த இறகு ஒன்று கிடைத்தது. ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒருமுறை கலக்கிக் காட்டிவிட்டு இறகை அவரிடம் கொடுத்தேன். உறைந்த ஆற்றில் ஐம்பது வருஷம் கோல் வீசிய கை அது. தட்டின் அடியில் இறகு உரசும் சத்தம் கேட்டது. இரண்டு மணி உடைந்தன.

"மெதுவா, சாமி" என்றேன். "இன்னும் கண் வரல."

அவர் இறகைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மறுபடி ஓரத்திலிருந்து தொடங்கினார்.